பதினொன்றாவது கட்டம்

பதினொன்றாவது கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார்கள்.

அவள் விடவில்லை.

'போராட்டங்களில் பங்கேற்றுச் சிறை சென்ற விவரம்' என்று விருப்ப மனுவில் அச்சடித்திருந்தது. எதிரே எழுதினாள். ஒன்பது நாள். பேருந்து நிலையக் கழிப்பறையின் பூட்டை உடைத்ததற்காக.

மனுவை வாங்கிய ஆள் அந்த வரியில் சற்று நின்றான். பிறகு முத்திரை குத்தினான்.

பேரூராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சி சார்பில் யாரை நிறுத்துவது என்று அன்றைக்கு நேர்காணல். மாவட்ட அலுவலகத்தின் தாழ்வாரத்தில் நீள பெஞ்சு. பதினேழு பேர். பதினாறு பேர் கட்சிக் கரை போட்ட வேட்டியிலோ புடவையிலோ இருந்தார்கள்.

அவளுக்கும் ஒரு கரைப் புடவை கொடுத்திருந்தார்கள். அது வீட்டில் உறை பிரிக்காமல் கிடந்தது.

கட்சியில் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அவளாகப் போகவில்லை. கட்சி எடுத்த கணிப்பில் பதினைந்து வார்டில் பன்னிரண்டு வார்டு அவள் பெயரைச் சொன்னது. ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பிறகு வரிசையில் உட்கார வைத்தார்கள்.

பக்கத்தில் ஆறுமுகநயினார். போன முறை தலைவராக இருந்தவர். முப்பத்தோரு வருடக் கட்சிக்காரர்.

அந்தக் கழிப்பறையைக் கட்டியவர் அவர்தான். மந்திரி கையால் திறக்க வேண்டும் என்று பதினான்கு மாதம் பூட்டி வைத்தவரும் அவர்தான்.

மந்திரிக்குத் தேதி கிடைக்கவில்லை.

அங்கே பழம் விற்ற அவளும் மற்றப் பெண்களும் பதினான்கு மாதமும் நிறுத்தியிருந்த லாரிகளுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். ஒருநாள் காலையில் அவள் இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று அடி. பூட்டு விழுந்தது.

நயினார் அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நான் கட்சிக்காக ஜெயிலுக்குப் போனவன். நீ கட்சியால ஜெயிலுக்குப் போனவ. ரெண்டும் ஒண்ணாயிருமாக்கும்."

பெஞ்சு சிரித்தது.

நன்றாகத்தான் சொன்னார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

உள்ளே என்ன கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை வருடமாகக் கட்சியில் இருக்கிறாய். எவ்வளவு செலவழிப்பாய். கடைசியாக, வேறு யாருக்குக் கொடுத்தாலும் வேலை பார்ப்பாயா.

கடைசிக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. தலைமை யாரை நிறுத்தினாலும் உயிரைக் கொடுத்து வேலை பார்ப்பேன்.

பதினாறு பேருக்கும் அது மனப்பாடம். நயினார் ஏழு தேர்தலில் சொன்னவர். இந்த முறையும் உதடு அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சொன்னவர்களில் பாதிப் பேர், சீட்டு கிடைக்காவிட்டால், மறுநாளே உள்ளடி வேலை பார்ப்பார்கள். ஆனால் சொல்லாமல் அந்த அறையைவிட்டு வந்தவர் யாருமில்லை.

அவளைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் மாவட்டச் செயலாளர். மனுவைக் கையில் வைத்திருந்தார். பதினொன்றாவது கட்டத்தில் அவர் பேனா இரண்டு முறை போய் வந்தது.

எத்தனை வருடம் என்று கேட்டார். நாளில் சொன்னாள். ஓரத்தில் இருந்தவர் இருமினார்.

எங்கள் ஆளை எதிர்த்துத்தானே உள்ளே போனாய் என்றார். ஆமாம் என்றாள்.

செலவு பற்றிக் கேட்கவில்லை. பழக்கடைக்காரியிடம் என்ன கேட்பது.

"வேற யாருக்குக் குடுத்தாலும் வேலை பாப்பியாம்மா?"

மனுவைப் பார்த்தபடியே கேட்டார். 'ஆம்' என்று குறிக்கப் பேனா தயாராக இருந்தது.

"மாட்டேன்."

பேனா நின்றது.

"தனியா நிப்பேன். இப்பமே சொல்லிருதேன். பொறவு எம்மேல குத்தஞ் சொல்லக் கூடாது."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். கட்டுப்பாடு என்று ஏதோ தொடங்கினார். மாவட்டச் செயலாளர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து, முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். கரை இல்லாத புடவையைப் பார்த்தார்.

போகலாம் என்றார்.

வெளியே வந்தாள். நேர்காணல் முடிந்தவர்கள் நேராகப் படியிறங்கிப் போய்விடுவது வழக்கம். அவள் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

நயினாரைக் கூப்பிட்டார்கள். துண்டைச் சரிசெய்துகொண்டு போனார். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

முப்பத்தோரு வருடம் என்று அவர் சொல்வது கேட்டது. போன சிறைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். செலவுக்கு ஒரு தொகை சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள்.

பிறகு மாவட்டச் செயலாளரின் குரல்.

"நயினாரே, இசக்கியம்மாளுக்குக் குடுத்தா வேலை பாப்பீரா?"

பெஞ்சில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

'தலைமை யாரை' என்று நயினார் உள்ளே தொடங்கினார், நின்றார்.

இசக்கியம்மாள் எழுந்திருக்கவில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் போகலாம்.