மாரிச்செல்வியின் வலது கண்

வலது கண்ணைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தான்.

காய்ந்த ஆயில் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. ஊதிவிட்டான்.

எவ்வளவு மோசமான கண்! இடதைவிடப் பெரிதாக, கொஞ்சம் மேலேறி, எங்கோ பார்த்துக்கொண்டு. கீழே அவன் கையெழுத்து வேறு.

இருபத்திரண்டு வயதில் வரைந்த படம். காய்ச்சலில் போய்விட்ட ஐந்து வயது மாரிச்செல்விக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதுவும் இறந்த பிறகு எடுத்தது. மூடியிருந்த கண்களை அவன்தான் குத்துமதிப்பாகத் திறந்துவைத்தான்.

இப்போது சென்னையில் அவன் படங்களுக்குக் கண்காட்சி வைக்கிறார்கள். கண் வரைவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று எழுதுகிறார்கள். ஊருக்கு வந்த இடத்தில், உலகம்மாள் வீட்டுச் சுவரில் மகளின் படத்தைப் பார்த்துக் கூனிக்குறுகிப் போனான். சரிசெய்து தருகிறேன் என்று அவனாகத்தான் வாங்கிவந்தான். அந்த அம்மாள் கேட்கவேயில்லை.

இரண்டே நாள். புதுக் கண் அத்தனை உயிரோடு வந்தது.

கொண்டுபோய் மாட்டினான்.

உலகம்மாள் வெகுநேரம் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இருவத்தஞ்சு வருசமா அவ என்னைப் பாத்தது அந்தக் கண்ணாலதான். அது இதுக்கு அடியிலதான இருக்கு?"

இருக்கிறது என்று தலையாட்டிவிட்டான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"அப்போ மேல பூசினத மட்டும் எடுத்துருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வியாழக்கிழமை பிள்ளைக்கு நினைவு நாளாம். அதற்குள் படம் திரும்பி வந்தால் போதுமாம்.

பாவி, பாவி என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

பழைய படத்தை ஒரு போட்டோகூட எடுத்து வைத்திருக்கவில்லை. மோசமான வேலையை யார் போட்டோ எடுப்பார்கள்?

ஆனால் நினைவிருந்தது. எவ்வளவு பெரிது, எவ்வளவு மேலே, எல்லாம். தாளில் வரைந்து பார்த்தான்.

கை தானாகவே திருத்திக்கொண்டது.

வேண்டுமென்றே கோணலாக்கினான். அதுவும் கைதேர்ந்தவன் போட்ட கோணலாகவே வந்தது. அந்தக் கண்ணில் பிள்ளை இல்லை.

தரையெல்லாம் தாள். அத்தனையிலும் அழகான கண்கள். ஒன்றையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

நாளை வியாழன்.

தூரிகையை இடது கைக்கு மாற்றினான்.