மறுக்கும் உரிமை

"சிகிச்சை வேண்டாம்னு மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. சவுனா நீராவிக் குளியல் வேணும்னு கேட்டு வாங்க உரிமை இல்லை. சட்டம் அப்படி," என்றார் டாக்டர் சகாரி.

"அப்படியா?" கிழவர் தவுனோ பட்டாணி சூப்பைத் தள்ளி வைத்தார். "சரி, மறுக்கிறேன். திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை வேண்டாம். எழுதிக்கோ."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

நர்ஸ் இர்மெலிக்குத் திக்கென்றது. "தவுனோ, என்ன விளையாட்டு இது? வயித்துல இருக்கறது கட்டி. குவோப்பியோ பெரிய ஆஸ்பத்திரியில இடம் கிடைச்சதே பெரிசு."

"என் கல்யாணத்துக்கு முன்னாடி சவுனா. பட்டாளத்துக்குப் போறப்ப சவுனா. நான் பொறந்ததே சவுனாவுலதான். கத்திக்கு முன்னாடி மட்டும் ஈரத்துணியால துடைச்சு அனுப்புவீங்களா? நான் என்ன சாப்பாட்டு மேஜையா?"

"உங்க இதயம் பலவீனமா இருக்கு," என்றார் டாக்டர். "எழுந்து நின்னாலே ரத்த அழுத்தம் இறங்குது. கூட ஒரு நர்ஸ் வந்தாத்தான் உள்ளே விடலாம்னு விதி. சவுனா அடுப்பு மூட்டறது சனிக்கிழமை. அன்னைக்கு வார்டுக்கே ஒரு நர்ஸ்தான்."

"சவுனாவைக் கட்டி வச்சிருக்கீங்க. ஆளை மட்டும் குறைச்சிட்டீங்க. பேஷ்!"

தவுனோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தாழ்வாரத்தில் இர்மெலி டாக்டரை மடக்கினாள்.

"அவ்வளவுதானா? எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டீங்க?"

"அவருக்குப் புத்தி தெளிவா இருக்கு. கட்டாயப்படுத்த முடியாது."

"ஆபரேஷன் முடிஞ்சதும் சவுனா தர்றோம்னு சும்மாவாவது சொல்லி அனுப்பலாமே?"

"அது பொய். நோயாளிகிட்ட பொய் சொல்லக் கூடாது."

"சட்டம், விதி, பொய் கூடாது. உங்களுக்கெல்லாம் கையக் கழுவுறதுக்கு எத்தனை வகை சோப்பு!"

டாக்டருக்குக் காது சிவந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அவரைப் பார்க்க யாராவது வருவாங்களா?"

"மகன் கனடாவுல. வேற யாரும் இல்ல. எதுக்கு?"

"நோயாளியைப் பார்க்க வர்றவங்க கூட்டிட்டுப் போனா நாம தடுக்க முடியாது. விதி அவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அதான் யாரும் இல்லையே!"

"இல்லதான்," என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க இர்மெலி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வார்டு மணி அடித்தது. இர்மெலி கதவைத் திறந்தாள். கம்பளித் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக ஓர் ஆள். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள்ளிருந்து, சவுனாவில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக்கொத்து எட்டிப் பார்த்தது.

"டாக்டர்! இன்னைக்கு உங்களுக்கு லீவாச்சே?"

"ஆமா. நோயாளியைப் பார்க்க வந்தேன். பார்வை நேரம்தானே?"

"யாரைப் பார்க்கணும்?" சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"தவுனோவை."

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"அவரே இன்னும் முடிவு பண்ணல."

தவுனோ அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "டாக்டர்னா நான் வரமாட்டேன். உள்ள வந்து சட்டம் பேசுவே."

"வெள்ளைக் கோட்டு வீட்டுல இருக்கு. மிச்சத்தையும் கழட்டி ஆணியில மாட்டிடறேன். போதுமா?"

"மாட்டு, மாட்டு."

சவுனாவுக்குள் கல் அடுப்பு தகித்தது. உட்காரும் மரப்படிகளில் சூடு அதிகமான மேல் படிக்கு ஏறத் தவுனோ காலைத் தூக்கினார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் சகாரி. "மேல போனா எனக்கு மூச்சு முட்டும். எனக்குச் சூடே தாங்காது. துணைக்கு இப்படிக் கீழயே உட்காருங்களேன்."

தவுனோவால் நம்ப முடியவில்லை. "கீழயா? அது குழந்தைங்க உட்கார்ற படி!"

"தயவுசெஞ்சு."

"எந்த ஊர்டா நீ? ஹெல்சிங்கிப் பட்டணத்துக்காரனா?"

தவுனோ பெருந்தன்மையோடு கீழ்ப் படியில் உட்கார்ந்தார். அகப்பையில் தண்ணீர் மொண்டு, விருந்தாளிக்காக, கல்லின் மேல் கொஞ்சமாகத் தெளித்தார். ஆவி மெல்ல எழுந்து இருவர் முதுகையும் தடவியது. தவுனோ கண்களை மூடிக்கொண்டார். சகாரி இலைக்கொத்தால் அவர் தோளில் மெதுவாகத் தட்டினார்.

"அடிக்கத் தெரியுமா உனக்கு? பூனையைத் தடவற மாதிரி இருக்கு."

"கத்துக்கறேன்."

"என் பெண்டாட்டி அடிச்சா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்."

சகாரி இன்னும் கொஞ்சம் தட்டினார். தவுனோவின் உதடு லேசாக வெளுத்தது.

சகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "போதும் தவுனோ. எனக்குத் தலை சுத்துது. என்னைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போறீங்களா?"

"இதுக்கேவா! சரி, மெதுவா எழுந்திரு. என் தோளைப் பிடிச்சுக்கோ."

இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே வந்தார்கள். கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, துண்டைச் சுற்றிக்கொண்டதும் தவுனோவின் குரல் வார்டுவரை கேட்டது.

"இர்மெலி! ஓடி வா! உன் டாக்டர் மயங்கி விழுந்துடுவான் போலிருக்கு. நல்லவேளை, நான் இருந்தேன்!"

இர்மெலி சக்கர நாற்காலியோடு ஓடி வந்தாள்.

"அதுல அவனை உட்கார வை," என்றபடி தவுனோவே அதில் உட்கார்ந்துகொண்டார். முகம் சிவந்து, பளபளவென்றிருந்தது. "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வண்டி? காலையிலேயே எழுப்பிடு. அங்க வயித்தை அறுக்கப்போறவனாவது சூடு தாங்குவானா?"

"விசாரிச்சுச் சொல்றேன்," என்றார் சகாரி பலவீனமான குரலில்.

"டாக்டர், உங்களுக்கு ஜூஸ் ஏதாவது...?" என்றாள் இர்மெலி கவலையோடு.

"வேண்டாம். நீங்க அவரைப் படுக்க வையுங்க."

சக்கர நாற்காலி தாழ்வாரத்தில் திரும்பியது. இந்தக் காலத்து ஆட்களைப் பற்றித் தவுனோ பேசிக்கொண்டே போவது கேட்டது.

சகாரி திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நேரே மேல் படிக்கு ஏறி உட்கார்ந்து, அகப்பை நிறைய மொண்டு கல்லின் மேல் ஊற்றினார். பிறகு இன்னோர் அகப்பை.