கண்ணாடிப் பெட்டியிலிருந்த யுகுலேலே

ஒரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் மெற்றில்டா கொழும்பு, கொட்டாஞ்சேனையிலுள்ள அந்த இசைக்கருவிக் கடைக்கு வந்தாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்த, குட்டிக் கிற்றார் போன்ற யுகுலேலேயை எடுத்து ஒரு பாட்டு வாசிப்பாள், விலையைக் கேட்பாள், பெருமூச்சோடு போய்விடுவாள். பிறகு இரண்டு மாதம் ஆளையே காணவில்லை. இன்று வந்தவளோ விலையே கேட்கவில்லை.

"அங்கிள், கடையில இருக்கிறதிலேயே நல்லதை எடுங்கோ."

"லொத்தர் விழுந்ததோ பிள்ளை?" கடைக்காரர் யேசுரட்ணம் சிரித்தார். "இந்தாரும், வாசிச்சுப் பாரும்."

"நீங்களே வாசியுங்கோ. நான் கேக்கிறன்."

அவர் நாலைந்தை மீட்டிக் காட்டினார். கண்ணை மூடிக் கேட்டவள், கடைசியில் அந்தக் கண்ணாடிப் பெட்டியையே காட்டினாள்.

"அதுதான் வேணும். தந்தியளை மட்டும் தலைகீழா மாத்திப் போட்டுத் தாங்கோ."

"அது இடக்கைக்காரருக்கெல்லோ! நீர் அப்பிடி இல்லையே?"

"கோட்டைப் பக்கம் குண்டு வெடிக்கும்வரைக்கும் இல்லைத்தான்."

சேலைத் தலைப்புக்குள்ளிருந்து இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் ஒரு விரலும் இல்லை.

"இவ்வளவு நாளும் இந்தக் கையாலதான் தந்தியளை அழுத்தினனான். இனி வலக்கை அழுத்தட்டும், இது தடவினாப் போதும்." கைப்பையைத் திறந்தாள். "நட்டஈடு நேற்றுத்தான் தந்தவை. இப்ப விலையைச் சொல்லுங்கோ அங்கிள்."

ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய விலையைச் சொல்லாமலே, யேசுரட்ணம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தந்திகளைக் கழற்றத் தொடங்கினார்.