எளிதாக்கப்பட்ட கணவன்

தவமணியைக் கல்யாணம் செய்துகொண்டு ஜார்ஜியாவிலிருந்து மதுரைக்கு வந்த நீனோவின் காதில் ஒரு சின்னக் கருவி இருந்தது. யார் என்ன பேசினாலும் அவளுக்குத் தெரிந்த அளவு தமிழில் சுருக்கி, எளிதாக்கிச் சொல்லிவிடும். யார் பேச்சை எவ்வளவு எளிதாக்குவது என்பதை அவளே முடிவு செய்யலாம்.

அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அவளுடைய கைபேசியில் அந்தக் கருவியின் பட்டியலைத் தவமணி பார்த்துவிட்டான். ‘கணவர்: மிக எளிதாக. தையல்காரர் பால்பாண்டி: அப்படியே.’

ஒரு வருஷமாக அவன் கொஞ்சியதெல்லாம் அவள் காதில் ‘வா, சாப்பிடு’ என்றுதான் விழுந்திருக்கிறது. ஊர்க்கதை அளக்கிற அந்தக் கீழ்வீட்டுத் தையல்காரனை மட்டும் ஒரு சொல் சிந்தாமல் கேட்டிருக்கிறாள்.

“அந்தாளு அப்படி என்னத்தைப் பேசிக் கிழிச்சிட்டான்?” என்று சமையலறைக்குள் போய் வெடித்தான்.

நீனோ அடுப்பை அணைத்தாள். “அவர் பேச்சு பாதி புரியாது. ‘என்ன?’ன்னு கேட்பேன். சிரிச்சுட்டுத் திரும்பச் சொல்வார். நாலு தடவைகூடச் சொல்வார். உங்ககிட்டயும் முதல் மாசம் கேட்டேன். ‘விடு, ஒண்ணுமில்ல’ன்னீங்க.”

தவமணி அவள் காதிலிருந்த கருவியைக் காட்டி, “அதைக் கழட்டு” என்றான். கழற்றினாள்.

“எனக்குப் பொறாமையா இருக்கு.”

“பொறாமைன்னா என்ன?”

அவன் அவளைத் தரையில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.