இன்னொரு நகல்

எபனேசர் வீட்டிலிருந்த இருநூறு சிடிகளையும் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒலியில் ஒரு துளிகூடக் குறையாத ஃபிளாக் வடிவம்தான். கடைசியாக எடுத்தது மனைவி ஜெபசெல்வி பாடியது. பதினெட்டு வருடத்துக்கு முன் நூறு பிரதி போட்டு, சபையில் சும்மா கொடுத்தும் பாதிக்குமேல் மீந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. அதன்பிறகு அவள் பாடவில்லை.

“அதுக்கு எம்பி3 போதும். எதுக்கு இடத்த அடைக்கீங்க?” என்றாள் அடுக்களையிலிருந்து.

அவர் ஃபிளாக்கிலேயே போட்டார். நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அதே சிடியை உலகில் வேறு யாராவது நகலெடுத்திருந்தால் அதோடு நகலெடுக்கும் மென்பொருள் இணையம்வழி ஒப்பிட்டுக்கொள்ளும். மற்றவற்றுக்கெல்லாம் நூற்றுக்கணக்கில் காட்டியது. இதற்கு ‘பொருந்துவது: 1’ என்றது.

“செல்வி, யாரோ ஒருத்தர் ஒன் சிடிய ஏத்தி வச்சிருக்காங்க.”

“யாரு?”

“பேரு காட்டாது.”

ஈரக்கையோடு வந்து திரையைப் பார்த்தாள்.

“கடைசிப் பாட்டுமா? அதுல எனக்குத் தொண்ட கட்டியிருந்துச்சே.”

“அதுவும்தான். ஒண்ணையும் விடல.”

அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தபடியே நின்றவள், மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.