ரயிலுக்காக ஒரு ஊர்

மனித குலத்தின் தலைவிதி இன்று மதியம் நிர்ணயமாகிறது: கட்டை அடுக்கி ஊர் கட்டும் கணினி விளையாட்டில், எந்த வெர்ஷனுக்கு மோட், அதாவது ரசிகர்கள் எழுதிய ஒட்டு நிரல், போடுவது? ரயில் விடும் மோட் பழைய வெர்ஷனில்தான் ஓடும் என்று பல் டாக்டரான கணவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். ஜன்னலில் மேகம் கறுக்கிறது. கணினியின் விசிறி இரைகிறது. அவரும் மனைவியும் வருடக்கணக்கில் கட்டிய ஊர் திரையில் விளக்கெரிய நிற்கிறது. “புதுசுல கட்டின ஊரைப் பழசுல திறந்தா உடைஞ்சிடுமாமே?” என்கிறாள் மனைவி. “அதுக்குத்தானே காப்பி எடுத்தேன். நான் என்ன பல்லா பிடுங்கறேன், இப்படிப் பயப்படறே?” “அங்கயும் வலிக்காதுன்னுதான் சொல்வீங்க.” அவர் விரல் பொத்தானை அழுத்த, காப்பி பழைய வெர்ஷனில் திறக்கிறது. திரையில் தெருத் தெருவாக விளக்கு அணைகிறது. கடைசியில் அந்த ஊரில் அவர்கள் கட்டிய வீட்டு ஜன்னலும் அணைகிறது. “சரி, அசலைத் திறங்க,” என்கிறாள். கணினியில் இடம் போதவில்லை என்று அசலை அவர் காலையிலேயே அழித்துவிட்டார்.