வெள்ளாமை அப்பிச்சி பேச்சைக் கேட்டவர்கள்

ஜீப் தலைகுந்தாவைத் தாண்டியதும் ஓட்டி வந்த லிங்கசாமி கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். "குளுருமுங்க," என்றான். ஆறுக்குட்டிக்குக் குளிர் வருவதற்கு முன்பே நடுக்கம் வந்திருந்தது.

கிளம்பும்போதே மனைவி தெய்வம்மா ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்பினாள். "ஏனுங்க, பச்சைத் தேயிலை கிலோ நாலரை ரூவாய்க்கு எறங்கி மலைச்சனம் வயிறெரிஞ்சு கெடக்குது. இந்த நேரத்துல சோலூர்க்காரங்க ஜீப்பு அனுப்பி உங்களுக்கு எதுக்கு மாலை போடறாங்க? எனக்கென்னமோ சரியாப் படலீங்க."

அருவங்காட்டு வீட்டில் கேட்டபோது அது பொறாமை மாதிரி இருந்தது. இந்த வளைவில், ஜோசியம் மாதிரி இருந்தது.

ஆறுக்குட்டி இருபத்திரண்டு வருஷம் டி.வி.யில் 'வெள்ளாமை அப்பிச்சி'யாக, விவசாயத் தாத்தாவாக, வந்தவர். நாற்பது வயதில் தலைக்குப் பவுடர் அடித்துக் கிழவர் ஆனார். பவுடர் தேவைப்படாத வயது வந்ததும் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். பத்து நிமிஷம் நையாண்டி, கடைசியில் விவசாயிக்கு ஒரு யோசனை, அவ்வளவுதான் நிகழ்ச்சி.

அப்பிச்சி சூரியகாந்தி என்றால் சனம் சூரியகாந்தி போட்டது. தேயிலை என்றபோது பாதி மலை உருளைக்கிழங்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலை நட்டது. 'என் பேச்சைக் கேட்டது லட்சம் குடும்பம்' என்று எல்லாப் பேட்டியிலும் சொல்லுவார். அந்த லட்சத்தில் ஒரு பத்துப் பேர் ஒன்றாகக் கிளம்பி வந்தால் என்ன ஆகும் என்று இதுவரை யோசித்ததில்லை.

"வண்டி புதுசா தம்பி?" என்றார். சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"போன மாசம் எடுத்ததுங்க அப்பிச்சி."

ஊரே வண்டியை விற்கிற வருஷத்தில் புது வண்டி. கடனுக்கு எடுத்திருப்பான், தவணை கட்ட முடியாது, ஆத்திரம் எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும் என்று ஆறுக்குட்டி முடிவு கட்டிக்கொண்டார்.

"எண்பத்தொம்பது ஆவணியில, 'பச்சைத் தங்கம்டா பேராண்டி, தேயிலையை நடு'ன்னீங்களே. ஞாபகமிருக்குதுங்களா?"

"எத்தனையோ சொல்லியிருப்பேன் தம்பி. அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சுக்கறா."

"எங்கப்பா வெச்சிருக்காருங்க. நீங்க சொன்னது அத்தனையும் நோட்டுப் போட்டு எழுதியிருக்காரு. தேதியோட."

தேதியோடு எழுதி வைப்பதெல்லாம் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் செய்கிற வேலை.

"எழுதறதுக்குன்னு தனியா ஒரு ஆளு இருந்தாரு தம்பி. அவரு எழுதிக் குடுக்கறதைப் பேசிட்டு வர்றதுதான் என் வேலை."

இருபத்திரண்டு வருஷமாக 'அத்தனையும் சொந்தச் சரக்கு' என்று சொல்லி வந்தவர், ஒரே கொண்டை ஊசி வளைவில் மொத்தப் பெருமையையும் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தார். அடுத்த வளைவில் டைரக்டருக்கும் கொஞ்சம் கொடுத்தார்.

"அப்பிடிங்களா," என்றான் லிங்கசாமி, மரியாதையாக. அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. கொங்குப் பக்கத்துக்காரன் அடிப்பதற்கு முன்பும் 'ங்க' போடுவான் என்பது அதே பக்கத்துக்காரரான ஆறுக்குட்டிக்குத் தெரியாதா?

சோலூர் வந்தது. முப்பது பேர் ரோட்டோரம் நின்றார்கள். தோட்டத்திலிருந்து நேராக வந்தவர்கள்; ஒவ்வொருவர் கையிலும் களைக்கொத்து. ஒருவரும் கை தட்டவில்லை.

"எறங்குங்க அப்பிச்சி. இவருதான் எங்கப்பா, செல்லையா."

செல்லையா முன்னால் வந்து ஒரு ரோஜா மாலையைக் கழுத்தில் போட்டார். ஆட்டுக்கும் முதலில் மாலைதான் போடுவார்கள் என்பது ஆறுக்குட்டிக்கு ஞாபகம் வந்தது.

"செல்லையா, ஒரு வார்த்தை," என்றார் அவசரமாக. "டி.வி.யில பேசறதையெல்லாம் யாருங்க காதுல போட்டுக்கறாங்க? என் ஊட்டுலயே என் பேச்சு எடுபடாது. இருபத்திரண்டு வருசத்துல நான் சொல்லி ஒரு ஆளு ஒரு செடி நட்டிருக்க மாட்டானுங்க."

உயிருக்குப் பயந்து சொன்ன பொய்தான். ஆனாலும் சொல்லி முடித்தபோது ஒருவேளை அதுதான் நிஜமோ என்று தோன்றிவிட்டது.

செல்லையா முகம் சுருங்கிப் போயிற்று. "அப்பிடிச் சொல்லாதீங்க. எங்க வளவுல ஒரு ஊடு பாக்கியில்லாம உங்க பேச்சை ஒரு வாரம் தவற விட்டதில்லீங்க. ரெண்டு வருசம் கரண்ட்டு சரியில்லைன்னு பேட்டரி வெச்சுப் பார்த்தோம்."

"அப்ப தேயிலை..."

"நீங்க சொன்னா மலையே நடும். மலையே நட்டா வெல எங்கீங்க நிக்கும்? அதுனால நீங்க சொன்னதை மட்டும் நாங்க கையில தொட்டதே இல்லீங்க. கேரட்டும் பூண்டுமா நின்னுட்டோம், நல்லா இருக்கறோம்."

முப்பது தலைகளும் நன்றியோடு ஆடின.

"நிகழ்ச்சியை நிறுத்துனதுல இருந்து கண்ணைக் கட்டிக் காட்டுல விட்டாப்பல இருக்குதுங்க," என்று செல்லையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்க அப்பிச்சி, இந்தப் போகத்துக்கு எதைப் போடக்கூடாது?"